ஹாஜியாரின் கீழ்த்தோட்டம்

அந்த வீட்டில் விளிம்பு உடைந்த கோப்பை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. பத்துப் பேர் வந்து போகிற வீட்டில் கோப்பை உடையாமலா இருக்கும்? நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், உடைந்த கோப்பை, காலாடும் கதிரை, நொண்டுகிற கோழி எல்லாம் பின்பக்கம் போய்விடும். ஒருநாள் கை கழுவப் பின்பக்கம் போனபோது மூன்று கதிரைகள் சுவரைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டேன். வகுப்பில் பிழை விட்ட பிள்ளைகளை நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து நல்ல கதிரையில் உட்கார்ந்தேன்.

ஊருக்கெல்லாம் அவர் ஹாஜியார். எனக்கும் ஹாஜியார்தான். உக்குவளையிலிருந்து உள்ளே ஏறுகிற பாதையில் அவருடைய ரம்புட்டான் தோட்டம் இருந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளையும் அடிமட்டம் வைத்து அளந்தது மாதிரி ஒரே அளவில் மடித்திருப்பார். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

“மிஸ், எத்தன தடவ வேணும்னாலும் வாங்க. இது ஒங்கட வீடு. வர்றதுக்கு முந்தி போன்ல ஒரு கோல் மட்டும் எடுத்துருங்க.”

“எதுக்கு ஹாஜியார்? நான் என்ன விருந்தாளியா?”

“வந்தவங்கட கண்ணுக்கு நல்லதத்தான் காட்டணும் மிஸ். நம்மட கொறை நம்மளோட ஈக்கட்டும்.”

இதை அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. கிளினிக்குக்கு மூன்று நாள் முன்பே சோற்றைக் குறைத்து, தேத்தண்ணிக்குச் சீனி தொடாமல், காலையும் மாலையும் மேட்டில் ஏறி இறங்கி, இரத்தத்தை நல்ல பிள்ளையாக்கிக்கொண்டுதான் போவார். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்து “பரவாயில்லையே” என்பார். அன்று மத்தியானமே வீட்டில் கருப்பட்டி கரைத்த வட்டிலாப்பம் வேகும். “டொக்டரும் மனிசன்தானே, அவருக்கும் ஒரு சந்தோஷம் வேணும்” என்று நியாயம் வேறு சொல்வார். ஒரு காலத்தில் மரத்தடியில் குந்தியிருந்து நூறு ரம்புட்டான் தின்றவராம். வருத்தம் வந்ததும் அவர் மனைவி ரம்புட்டானை மட்டும் இனி வாயில் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார். உணவு விஷயத்தில் அவர் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான்.

விவசாய ஒபிஸிலிருந்து நான் அங்கே போனது பசளை வேலையாக, மரங்களுக்கு உரக் கணக்குப் பார்க்க. தோட்டம் முழுக்க எல்லா மரத்துக்கும் ஒரே அளவு பசளை போடுவதுதான் இங்கே வழக்கம். பசித்த மரத்துக்கும் அதே அளவு, வயிறு நிறைந்த மரத்துக்கும் அதே அளவு. எங்கள் திட்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இலக்கத் தகடு அடிப்போம். ட்ரோன் ஒன்று மேலே பறந்து படம் பிடிக்கும். ஒவ்வொரு மரத்திலும் இலை பறித்து இலக்கம் போட்ட பையில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். பிறகு இன்ன மரத்துக்கு இத்தனை கிராம் என்று போன் சொல்லும். தோட்டப் படத்தில் போதிய சத்துள்ள மரம் பச்சை, அரைகுறை மஞ்சள், பட்டினி கிடக்கிற மரம் சிவப்பு. பசளை கிடைக்காமல் எல்லோரும் அலைந்து திரிந்த காலம் முடிந்து அதிக நாளாகவில்லை. ஒரு பிடியைக்கூட வீணாக்காமல் போடலாம் என்ற பேச்சுக்கு அப்போது நல்ல மரியாதை இருந்தது. ஹாஜியார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

முதல் நாளே தோட்டத்தை அவர் எனக்கு அறிமுகப்படுத்திய விதம் நினைவிருக்கிறது. மேட்டில் கல்லும் மண்ணுமாக இருந்தது மேல்தோட்டம். கீழே ஓடைக்கரை வரை சரிந்து போனது கீழ்த்தோட்டம். ஒரே மகள் கலியாணம் முடித்தபோது கீழ்த்தோட்டத்தை அவள் பேரில் எழுதி, அங்கேயே வீடும் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

“நல்ல துண்ட மகளுக்குக் குடுத்துட்டேன் மிஸ். தண்ணிப் பக்கம். நமக்கு இந்தக் கல்லுப் பூமி போதும்.”

இந்த வாக்கியத்தை அவர் பள்ளிவாசலில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், பசளைக் கடையில் சொல்வார். சம்பந்தியம்மாவின் காதில் விழும்படி இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். மகளுக்கு நல்லதைத்தான் கொடுத்தார் என்ற பேர் அந்த வீட்டில் நிலைக்க வேண்டும், அதனால் மகள் அங்கே தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இலை பறிக்கிற நாள் வந்தது. என்னுடைய வெட்கக்கேட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அட்டை மலிந்த இரத்தோட்டையில் பிறந்து வளர்ந்து அட்டைக்குப் பயப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. நான் சப்பாத்தைப் பார்ப்பதும் புல்லைப் பார்ப்பதுமாக நிற்பதை ஹாஜியார் கவனித்துவிட்டார்.

“நீங்க எறங்க வேணாம் மிஸ். கீழ்ப்பக்கம் அட்ட நெறைய. பையக் குடுங்க, நானே பறிச்சிட்டு வாறேன். எப்பிடிப் பறிக்கிற எண்டு மட்டும் சொல்லுங்க.”

மரத்தின் நாலு பக்கமும், முற்றிய இலை, பூச்சி தின்னாதது என்று சொல்லிப் பைகளைக் கொடுத்தேன். அவர் போனார். அவர் மனைவி எனக்கு இடியப்பமும் கோழிக்கறியும் வைத்தார். நான் ஒரு வெட்கமும் இல்லாமல் சாப்பிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் பைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. இலைகளெல்லாம் துடைத்த மாதிரிப் பளபளவென்று இருந்தன. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. கோழிக்கறி அப்படி.

ஆய்வுகூட முடிவு வந்தது. மேல்தோட்டம் பச்சை, கீழ்த்தோட்டமும் பச்சை. ட்ரோன் படத்தில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. ஓடையிலிருந்து எழும்பின பனிமூட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லா மரத்துக்கும் பசளையைக் குறைக்கலாம் என்று போன் சொன்னது. யோகட் கோப்பைகளில் கோடு கீறி அளவு வைத்துக் கொடுத்தோம். ஹாஜியார் ஒரு கிராம் கூடாமல் குறையாமல், மகளின் மரங்களுக்கும் சேர்த்துத் தானே நின்று போடுவித்தார். இவ்வளவு சொற்கேட்கிற விவசாயி கிடைத்தாரே என்று ஒபிஸில் நான் அவரைப் பற்றிப் பெருமையடித்துத் திரிந்தேன்.

அடுத்த சீசன் தொடங்கியிருந்த நேரம். ஒரு காலை, ஒபிஸ் வாகனம் வேறொரு தோட்டத்துக்குப் போகிற வழியில் என்னை உக்குவளையில் இறக்கிவிட்டது. ஆறரை மணி இருக்கும். கோல் எடுக்க மறந்துவிட்டேன். கீழ்ப்பாதையால் நடந்து போனால் சுருக்கு என்று போனேன். போனால், கீழ்த்தோட்டத்து மரங்கள் என் கண்ணையே நம்ப விடவில்லை. இலைகளின் ஓரமெல்லாம் கருகியிருந்தது. குலைக்கு நாலைந்து பழம்தான், அதுவும் சின்னச் சின்னதாக. பச்சை என்று நான் கையெழுத்துப் போட்ட மரங்கள்.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து ஹாஜியார் இறங்கி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு கூடை. கூடை நிறைய மேல்தோட்டத்துச் செக்கச்சிவந்த ரம்புட்டான். மகள் வீட்டு முற்றத்தில் பறித்து வைத்திருந்த பெட்டிகளில் அதைச் சத்தமில்லாமல் கொட்டினார். திரும்பினார். எதிரில் நான்.

“மிஸ்!” என்றார். முகத்தில் இரத்தமே இல்லை. “ஒரு கோல் எடுத்திருக்கலாமே மிஸ்!”

அவரை ஓடைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் கேட்கவே தேவையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். நல்லது என்று நம்பித்தான் கீழ்த்துண்டைக் கொடுத்தாராம். மரம் காய்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். ஓடை பெருகும்போதெல்லாம் மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியுமா? மாற்றினால் ஊர் என்ன சொல்லும், சம்பந்தியம்மா என்ன நினைப்பார்? ஆகவே வருடாவருடம் தன் மரங்களுக்கு வாங்கின பசளையில் பாதியை மகளின் மரங்களுக்குப் போட்டு வந்தார். அப்படியும் குறைந்த பழத்தைச் சீசன் நாட்களில் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து தன் மரத்திலிருந்து பறித்து நிரப்பினார்.

“அப்ப இலை?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாம் மேல்தோட்டத்து எல மிஸ். மகள்ட மரத்து எலைய அந்தக் கோலத்துல எப்பிடி ஒபிஸுக்கு அனுப்புற?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “பொய் எலையக் குடுத்துட்டு, அந்தக் கணக்குப்படியே பசளையும் போட்டீங்களே ஹாஜியார்! வழமையா போடுறதக்கூட நிப்பாட்டிட்டீங்களே! மரம் என்னத்தத் தின்னும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை.

“மேலால பறந்து படம் புடிச்ச சாமானுக்கு எல்லாம் தெரியுந்தானே மிஸ்? எல சும்மா ஒரு மரியாதைக்கி எண்டுதான் நெனச்சேன். மெஷின் பாத்துச் சரியான அளவச் சொல்லும் எண்டு நம்பித்தான் போட்டேன்.”

இதற்கு மேல் அந்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எங்களை அவர் ஏமாற்ற நினைக்கவே இல்லை. விருந்தாளிக்கு நல்ல கோப்பை எடுத்து வைப்பதைப்போல ஆய்வுகூடத்துக்கு நல்ல இலை எடுத்து வைத்திருக்கிறார். என்னைவிட என் மெஷினை நம்பியிருக்கிறார். இடியப்பத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான்தான் அதற்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோபமெல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த வாரமே அட்டை ஏறாமல் இருக்கக் கால் இரண்டிலும் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு நானே இறங்கினேன். ஒவ்வொரு மரத்திலும் என் கையாலேயே பறித்தேன். ஹாஜியார் உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அட்டை கடித்ததைவிட அவர் பதறியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு கருகின இலையும் பைக்குள் போகிறபோது, “அதுக்குப் பக்கத்து எல நல்லா ஈக்கிதே மிஸ்” என்பார். நான் முறைப்பேன். வாயை மூடிக்கொள்வார். அடுத்த மரத்தில் மறுபடியும் அதையே சொல்வார்.

இந்தத் தடவை உண்மையான முடிவு வந்தது. மேல்தோட்டம் பச்சை. கீழ்த்தோட்டம் ஒரு மரம் விடாமல் சிவப்பு. வழி இல்லாமல் இல்லை. மகளின் மரங்களுக்கு மேல்மரங்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பசளை வேண்டும். அதையும் ஒரேயடியாகப் போடாமல், ஓடை கழுவிக்கொண்டு போகாதபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தோட்டப் படமும் அளவும் அச்சடித்த தாளை ஹாஜியாரிடம் காட்டியபோது அவர் பசளை அளவைப் பார்க்கவேயில்லை. நிறத்தைத்தான் பார்த்தார்.

“இத எங்க ஒட்டுவீங்க?”

“தோட்டத்து வாசல்ல. எல்லாத் தோட்டத்துலயும் ஒட்டுறோம் ஹாஜியார். மத்த ஆக்களும் வந்து பாக்கணுமில்ல?”

தாளை இன்னும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். “செவப்பக் கொஞ்சம் கொறைக்க ஏலாதா மிஸ்? ஒரு வாப்பா மகளுக்குக் குடுத்த சீதனம் முழுக்கச் செவப்பு. இத எப்பிடி வாசல்ல ஒட்டுற?”

தாளைச் சுருட்டிக்கொண்டு கீழே மகளின் வீட்டுக்குப் போனேன். பசளை போடப்போவது அவளுடைய மரங்களுக்கு, அவளிடம் மறைக்க முடியாது. என்ன சொல்லித் தொடங்குவது என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு போனேன். அவள் குசினியில் இருந்தாள். மாமியார் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வேறு நேரம் வரலாமா என்று யோசிப்பதற்குள் அவள் தாளை வாங்கி விரித்துவிட்டாள்.

“இவ்வளவு செவப்பா!” என்று சிரித்தாள். மாமியாரிடம் காட்டினாள். அவரும் பார்த்துவிட்டு, “நான் இதவிட மோசமா ஈக்கும் எண்டு நெனச்சேன்” என்றார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மகள்தான் விளங்கப்படுத்தினாள்.

“மாமிக்கு மொத வருஷமே தெரியும் மிஸ். எங்கட மரத்துப் பழம் கொட்டையோட ஒட்டிக்கிட்டு வரும். மேல் மரத்துப் பழம் கொட்டைய விட்டுக் கழண்டு வரும். ரெண்டும் வேற வேற நர்சரிக் கண்டு. ஒரு பெட்டிக்குள்ள ரெண்டும் கலந்து ஈந்தா, திங்கிறவங்களுக்குத் தெரியாதா? வாப்பாக்குத்தான் தெரியாது. எங்கட மரம் காய்க்கத் தொடங்கினது அவரு பழம் தின்றத விட்டதுக்குப் பொறகு.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

இதற்கு மாமியார் பதில் சொன்னார். “என்னெண்டு சொல்ற மிஸ்? அந்த வயசுல கூடைய சொமந்துகிட்டு எறங்கி வாறாரு. அவரு கொட்டிட்டுத் திரும்பிப் போற வரைக்கும் நாங்க கதவத் தொறக்கிறதில்ல. உள்ளுக்கே இருமாம இருந்துக்குவோம்.”

மகள் தாளை மடித்து என் கையில் தந்தாள். “பசளைய நீங்க சொல்றமாதிரியே போடுறோம். வாப்பாட்ட மட்டும் எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லிடாதீங்க மிஸ்.”

திரும்பி மேடேறினேன். இத்தனை வருடம் அந்த மனிதர் யாருக்குத் தெரியக்கூடாதென்று ஓடி ஓடி மறைத்தாரோ, அவர்களே அவர் மறைப்பதற்கு வசதியாக வீட்டுக்குள் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார்கள். வாசலில் ஒட்டிய தாளில் இலக்கமும் கிராமும் மட்டும் இருந்தன. “கலர் மை முடிஞ்சிருச்சு ஹாஜியார்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒபிஸில் மேலதிகாரி கேட்டபோதும் அதே மையைத்தான் சொன்னேன். ஹாஜியாருடைய பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

ஒரு வருடம் கீழ்மரங்களுக்குக் கோப்பை கோப்பையாக அளந்து, மழை பார்த்துப் போட்டார்கள். புதுத் துளிர் வந்தது. அடுத்த சீசனில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் காய்த்தது. விளைச்சலை நிறுத்துப் பதிய வேண்டும் என்பதால் விடியக்காலையிலேயே தராசோடு மகளின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பெட்டிகள் வரிசையாக, எல்லாம் விளிம்பு வரை நிறைந்து இருந்தன. சந்தோஷத்தில் நேரே தராசை இறக்கப் போனேன். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“கொஞ்சம் உள்ளுக்கு வாங்க மிஸ். வாப்பா இன்னும் வரல்ல.”

“இன்னுமா கொண்டு வாறாரு? அதான் மரமே காய்ச்சிருச்சே!”

வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றில்கூட இன்னொரு கைப்பிடி போட இடம் இல்லை. பிறகு குனிந்து, வரிசையின் நடுவிலிருந்த நிறைந்த பெட்டியைத் தூக்கினாள். குசினிக்குள் கொண்டுபோய்த் தன் மரத்துப் பழம் முழுவதையும் பாயில் கவிழ்த்தாள். வெறும் பெட்டியைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள். என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

மாமியார் பாயில் கிடந்த பழங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். மேட்டுப்பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. முற்றத்தில் பழங்கள் பெட்டிக்குள் பொலபொலவென்று விழுந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பிறகு செருப்புச் சத்தம் மெல்ல மேடேறிப் போனது.

அந்த வருட அறிக்கையில் கீழ்த்தோட்டத்து விளைச்சலில் ஒரு பெட்டி பிழை, அது மேலிருந்து வந்தது. அதை நான் தெரிந்தேதான் எழுதினேன்.